பிள்ளையை எடுத்துக்கிட்டோம், தாயை கேட்டுக்கு வெளியில நிறுத்திட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கம்போடியாவுக்குப் போயிட்டு வந்த வாலிபப் பிள்ளைங்களைப் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. ஜூன் ஸ்கூல் லீவுல பத்து நாள் அனாதைப் பிள்ளைகளுக்கு ஊழியம் செஞ்சுட்டு வந்தாங்கன்னு. போட்டோவும் பார்த்தேன். நடுவுல ஒரு அக்கா, அவங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு ரெண்டு குட்டிங்க, முதுகுல ஒண்ணு தொங்குது. அச்சு அசலா அதே மாதிரி ஒரு போட்டோ எங்க வீட்டு அலமாரியிலயும் இருக்கு, அதுல நடுவுல நிக்கிறது நான். அதனாலதான் எழுதறேன், அந்தப் பிள்ளைங்களைக் குத்தம் சொல்றதுக்கு இல்ல. பேர் போட வேண்டாம், எங்க சபையில இன்னும் எல்லாரையும் பார்க்க வேண்டியிருக்கு.

நான் திருநெல்வேலிப் பக்கம் பொறந்தவ. நர்ஸா சிங்கப்பூர் வந்து இருபத்தாறு வருஷம், அதுல பாதிக்கு மேல குழந்தைங்க வார்டுதான், இப்ப ரிட்டயர் ஆயாச்சு. எங்க தமிழ் சபையில வருஷா வருஷம் ஜூன்ல ஒரு டீம் கம்போடியா போகும், 2012ல நர்ஸ் ஒருத்தர் வேணும்னு பாஸ்டர் கேட்டாரு, எனக்கும் கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லாததால லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன். சாங்கியில ஏறினா ரெண்டு மணி நேரம், நாம்பென்ல இறங்கியாச்சு. அங்கிருந்து வேன்ல கண்டால் மாகாணத்துக்குள்ள முக்கால் மணி நேரம், ஒரு சின்ன காம்பவுண்டு, வாசல்ல சிலுவை, உள்ள முப்பத்திநாலு பிள்ளைங்க. இறங்கினதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கிச்சுங்க பாருங்க, அப்பவே எனக்கு அழுகை வந்துருச்சு. ஒரு பொண்ணு, நாலு வயசு இருக்கும், என் விரலைப் பிடிச்சது பதினோரு நாளும் விடல. "மாக்"னு கூப்பிட்டா. கெமர் பாஷையில அம்மா. ஆண்டவர் எனக்குன்னு குடுத்த பிள்ளை இதுன்னு அன்னைக்கு ராத்திரி சாட்சி கூட சொன்னேன், இப்ப நினைச்சா கூச்சமா இருக்கு.

மறு வருஷமும் போனேன். இறங்கினதும் அவளைத்தான் தேடினேன். அவ ஏற்கனவே எங்க டீம்ல புதுசா வந்த ஒரு காலேஜ் பொண்ணு விரலைப் பிடிச்சிட்டு நின்னா, அதே சிரிப்பு, அதே "மாக்". என்னைப் பார்த்தா, ஆனா தெரிஞ்ச மாதிரி பார்க்கல. நான் அன்னைக்குப் பொறாமைப்பட்டேன், அதுதான் உண்மை. நர்ஸ் மூளை வேலை செய்யறதுக்கு இன்னும் ரெண்டு நாள் ஆச்சு.

எப்படி வேலை செஞ்சுதுன்னா, பூச்சி மாத்திரை. நான் எல்லாருக்கும் குடுக்க அல்பெண்டசோல் வாங்கிட்டுப் போயிருந்தேன். வரிசையில நிக்க வெச்சா, நான் எப்படிச் சாப்பிடணும்னு சைகை காட்டறதுக்கு முன்னாலயே ஒரு பையன் நல்லாக் கடிச்சு மெல்லணும்னு மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறான். எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. மொழிபெயர்க்கிற தம்பியை விட்டுக் கேட்டா, போன மாசம் ஒரு வெளிநாட்டு டீம் வந்து குடுத்துச்சு, அதுக்கு முந்தி இன்னொண்ணு குடுத்துச்சு, ஸ்கூல்லயும் குடுத்தாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா குடுத்தாப் போதும் அந்த மாத்திரை. எந்தப் பிள்ளைக்கு எப்ப என்ன குடுத்தோம்னு ஒரு நோட்டு கிடையாது, ஒரு கார்டு கிடையாது. வார்டுல இப்படி நடந்திருந்தா எனக்கு மெமோ குடுத்திருப்பாங்க. அங்க எனக்கு மாலை போட்டாங்க!

அப்புறம்தான் அந்த விரல் பிடிக்கிற விஷயத்தை யோசிச்சேன். நம்ம வீட்டுல நாலு வயசுப் பிள்ளை இருக்கு, முன்ன பின்ன பார்க்காத ஆள் வீட்டுக்குள்ள வந்தா என்ன செய்யும்? அம்மா முந்தானைக்குள்ள போயி ஒளியும். அங்கேர்ந்து ஒரு கண்ணால எட்டிப் பார்க்கும், பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கிட்ட வரும், சிலது வரவே வராது. அதுதான் சரியா வளர்ற பிள்ளை. யார் வந்தாலும் ஓடிப் போய் மடியில ஏறிக்கிற பிள்ளைக்கு, தனக்குன்னு நிலையா ஒரு ஆள் இல்லைங்கிறதுதான் அர்த்தம், அது பாசம் இல்லீங்க, பசி. நாம அதைப் பார்த்துட்டு "எவ்வளவு அன்பான பிள்ளைங்க"ன்னு பேஸ்புக்ல போடறோம். இதுல நாம பாசத்தைக் காட்டிட்டு பதினோராம் நாள் பிளேன் ஏறிடறோம், அடுத்த டீம் வருது, அவங்களும் காட்டிட்டு ஏறிடறாங்க, அந்தப் பிள்ளை வருஷத்துக்கு எத்தனை தடவை அம்மாவைத் தொலைக்குதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

இது நான் சும்மா சொல்றது இல்ல. ருமேனியாவுல 1989 டிசம்பர்ல சர்வாதிகாரி சௌஷெஸ்குவோட ஆட்சி கவிழ்ந்தப்ப அரசாங்க விடுதிகள்ல ஒரு லட்சம் பிள்ளைங்க போல இருந்தாங்க, டிவியில பார்த்து உலகமே அழுதுச்சு, சர்ச் சர்ச்சா வேன் எடுத்துக்கிட்டு வாலண்டியர்ஸ் போனாங்க. பிற்பாடு அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க புக்கரெஸ்ட்ல 136 குழந்தைங்களை எடுத்து, பாதியை வளர்ப்புக் குடும்பங்கள்ல விட்டு, மீதி பாதி விடுதியிலயே இருக்க, வருஷக் கணக்கா பின்தொடர்ந்து பார்த்தாங்க. குடும்பத்துக்குப் போன பிள்ளைங்களுக்கு அறிவு வளர்ச்சியும் மூளை வேலையும் நல்லா இருந்துச்சு, அதுலயும் ரெண்டு வயசுக்குள்ள போனதுங்களுக்கு இன்னும் நல்லா. அந்த விடுதிப் பிள்ளைங்க கிட்டயும் இதே பழக்கம்தான், யாருன்னே தெரியாதவங்க கூப்பிட்டாலும் கூடப் போயிரும். சோறு, துணி, பாய் எல்லாம் இருந்தாலும் ஒரே ஆள் நிலையா இல்லைன்னா பிள்ளை வளராது, இதை எங்க வார்டு ஆயாம்மா படிக்காமலே சொல்லுவாங்க.

சரி, இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். 2014. மூணாவது தடவை. ஒரு ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு பிள்ளைங்க நமக்காக டான்ஸ் ஆடறாங்க, அப்சரா டிரெஸ் போட்டுக்கிட்டு, நாங்க பதினாலு பேரும் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து கை தட்டறோம். எனக்கு வெயில் தாங்கல, தலை சுத்துச்சு, எழுந்து கேட்டுப் பக்கம் மரத்தடிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியில ஒரு பொண்ணு நிக்கிறா, முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், தலையில கட்டம் போட்ட துண்டு, கையில ஒரு பிளாஸ்டிக் பையில வாழைப்பழமும் ஒரு ஜோடி சின்ன செருப்பும். யாரோ வேலைக்கு வந்த பொண்ணுன்னு நினைச்சு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. கம்பி இடுக்கு வழியா டான்ஸையே பார்த்துட்டு இருந்தா. மொழிபெயர்ப்புத் தம்பியைக் கூப்பிட்டு யாருன்னு கேக்கச் சொன்னேன். அவன் கொஞ்சம் தயங்கினான், அப்புறம் சொன்னான், அந்த விரல் பிடிக்கிற பொண்ணோட அம்மாவாம்.

எனக்கு ஒண்ணும் புரியல. அனாதை இல்லம்தானே இது?

கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில தையல் வேலை, நாம்பென் பக்கத்துல. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. சொந்த ஊரு ப்ரே வெங். புருஷன் வயல்ல நிக்கும்போது இடி விழுந்து செத்துட்டாரு, அங்க மழைக்காலத்துல அப்படிச் சாகறவங்க நிறைய. கடன் இருந்துச்சு, இவ வேலைக்கு வந்துட்டா, பிள்ளை பாட்டிகிட்ட. அப்ப யாரோ ஒருத்தர் ஊருக்கு வந்து, பிள்ளையைக் குடுங்க, சாப்பாடு போட்டு இங்கிலீஷ் படிக்க வைக்கிறோம்னு சொல்லியிருக்காரு. எந்தத் தாய் வேண்டாம்பா? குடுத்துட்டா. மாசம் ஒருக்கா பார்க்கலாம்னு பேச்சு. ஆனா வெளிநாட்டு டீம் இருக்கற நாள் வந்தா புரோகிராம் முடியற வரைக்கும் வெளியில நிக்கணுமாம். ஏன்னு நான் கேக்கல, கேக்கத் தேவையும் இல்ல. நாங்க அனாதைப் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கோம், நடுவுல ஒரு அம்மா வாழைப்பழத்தோட வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்.

அன்னைக்கு அந்தப் பொண்ணோட சம்பளம் என்னன்னா, 2014ல கம்போடியா கார்மெண்ட்ஸ்ல குறைஞ்சபட்ச சம்பளமே மாசம் 100 அமெரிக்க டாலர், அதுவும் அந்த வருஷ ஆரம்பத்துல ஸ்ட்ரைக் நடந்து, ரோட்டுல சுட்டு ஆள் செத்து, அதுக்கப்புறம் கிடைச்சது. நாங்க பதினாலு பேரும் டிக்கெட், ஹோட்டல், வேன், சாப்பாடு, ஒரே கலர் டீ சர்ட் எல்லாம் சேர்த்து ஆளுக்குத் தொள்ளாயிரம் வெள்ளிக்கு மேல செலவு பண்ணியிருந்தோம். நான் ராத்திரி ஹோட்டல்ல உக்காந்து பெருக்கிப் பார்த்தேன். பன்னெண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. அமெரிக்க டாலர்ல மாத்திப் பார்த்தா அந்த ஒரு தாய்க்கு எட்டு வருஷச் சம்பளம். நாங்க போய் மகள் கையில பலூன் குடுத்துட்டு தாயை வெயில்ல நிறுத்தி வெச்சோம்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன், எனக்கு மட்டும் நடந்தது இல்லைன்னு தெரிஞ்சுது. பொல்பாட்ங்கிற சர்வாதிகாரி காலத்துல, 1975லேர்ந்து 79 வரைக்கும், பதினேழு லட்சம் பேர் போல செத்த நாடு அது, அப்ப அனாதையா நின்ன பிள்ளைங்க உண்மையாவே லட்சக்கணக்குல இருந்தாங்க. ஆனா அவங்களுக்கெல்லாம் நாங்க போன சமயத்துல நாப்பது வயசு ஆகியிருக்கும். நாடு அமைதியாகி, டூரிஸ்ட் வர ஆரம்பிச்சு, ஜனங்க கொஞ்சம் நிமிர்ந்த காலத்துல, 2005லேர்ந்து 2010க்குள்ள மட்டும் இல்லங்களோட எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியிருக்கு, 269 ஆயிருச்சு, அதுல அரசாங்கம் நடத்தினது வெறும் 21. மீதி பெரும்பாலும் நம்ம மாதிரி வெளிநாட்டுக் காணிக்கையில ஓடினது. அப்ப அதுல இருந்த பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ ஒருத்தராவது உயிரோட இருந்தாங்க. 2015ல அரசாங்கம் நாடு முழுக்க இறங்கி எண்ணினப்ப 406 இல்லம், 16,579 பிள்ளைங்க. அனாதைங்க கூடினதால இல்லம் கூடல, பார்க்க வர்றவங்க கூடினதால கூடிச்சு. அங்கோர்வாட் பார்த்துட்டு அப்படியே ஒரு ஆர்பனேஜும் பார்த்துட்டு வரலாம்னு ஆகிப் போச்சு. "பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல"ன்னு 2011லயே அங்க பிரச்சாரம் பண்ணியிருக்காங்க, சியெம் ரீப்லயும் நாம்பென்லயும், எங்க கண்ணுல அது படவே இல்ல. ஆஸ்திரேலியாக்காரங்க 2018ல நவீன அடிமைத்தனத்துக்கு எதிரா சட்டம் கொண்டு வந்தப்ப, இப்படி பிள்ளைகளை இல்லங்களுக்கு இழுத்துட்டு வர்றதையும் அந்தக் கணக்குல சேர்த்துப் பேசினாங்க. 2019 டிசம்பர்ல ஐநா பொதுச்சபையும் பிள்ளைங்க குடும்பத்துல வளரணும்னு தீர்மானம் போட்டுச்சு. உலகம் இவ்வளவு தூரம் பேசியாச்சு, நம்ம சபை வாட்ஸ்அப் குரூப்புக்கு மட்டும் இன்னும் வந்து சேரல.

இதை நான் முதல் தடவை சபையில சொன்னப்ப ஒரு அண்ணன் எழுந்து கேட்டாரு, "சிஸ்டர், யாக்கோபு 1:27 என்ன சொல்லுது?" திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கணும்னு சொல்லுது. ஆமா. ஆனா வேதத்தைத் திறந்து பாருங்கன்னேன், "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்"னு ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல சேர்த்துத்தான் எழுதியிருக்கு. அந்தக் கேட்டுக்கு வெளியில நின்னாளே, அவதான் விதவை. வசனத்துல பாதியை நாம கிழிச்சு எடுத்துக்கிட்டோம், பிள்ளையை எடுத்துக்கிட்டோம், ஏன்னா பிள்ளை அழகா இருக்கு, போட்டோவுக்கு வரும், பாட்டு பாடும். முப்பது வயசு தையல்காரிக்கு யாரு டீம் அனுப்புவா?

எனக்கு ஏன் இது இவ்வளவு சுடுதுன்னா, எங்க அம்மாவும் அப்படி ஒரு பிள்ளைதான். அவங்க ஏழு வயசுல தாத்தா இறந்துட்டாரு, பாட்டி விதவை, கருப்பட்டி காய்ச்சறவங்க. ஒரு மிஷன் போர்டிங்ல எங்க அம்மாவைச் சேர்த்து விட்டாங்க. அங்க படிச்சுத்தான் அம்மா டீச்சர் ஆனாங்க, அதனாலதான் நான் நர்ஸ், அதனாலதான் இன்னைக்கு சிங்கப்பூர்ல உக்காந்து உங்களுக்குக் கடுதாசி எழுதறேன், அந்த நன்றியை நான் மறக்கல, போர்டிங்னாலே பாவம்னு நான் சொல்ல மாட்டேன். திருநெல்வேலிப் பக்கம் பாதி வீட்டுல இந்தக் கதை இருக்கும். ஆனா அம்மா சாகற வரைக்கும் எங்க மூணு பேர்ல யாரையும் ஹாஸ்டல்ல விடல. ஹாஸ்டல்னு அப்பா பேச்செடுத்தா எழுந்து அடுப்படிக்குப் போயிருவாங்க, அவ்வளவுதான். பாட்டி சனிக்கிழமை சனிக்கிழமை எட்டு மைல் நடந்து வந்து பனங்கிழங்கு குடுத்துட்டுப் போவாங்களாம். அந்தப் பனங்கிழங்குதான் அந்த வாழைப்பழம். எனக்கு அந்தக் கேட்டுகிட்ட தலை சுத்துனது வெயில்ல மட்டும் இல்லீங்க.

அப்போ மிஷனெரிங்க எல்லாரும் தப்பானு கேப்பீங்க. எங்க ஊர்லேர்ந்து ஒரு பஸ் தூரத்துலதான் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மா அயர்லாந்துலேர்ந்து 1895ல இந்தியா வந்தாங்க, 1901ல டோனாவூர்ல தங்கி, கோயிலுக்கு விடப்பட்ட, போக்கிடம் இல்லாத பிள்ளைங்களை வளர்த்தாங்க, 1951ல அங்கேயேதான் கண்ணை மூடினாங்க. அம்பத்தஞ்சு வருஷம், நடுவுல ஒரு லீவுக்குக்கூட சொந்த ஊர் போகல. தமிழ் படிச்சாங்க, சேலை கட்டினாங்க, அந்தப் பிள்ளைங்க அம்மான்னு கூப்பிட்டா கூப்பிட்ட குரலுக்கு அங்க இருந்தாங்க. நாம பதினோரு நாள் போயிட்டு அதே "அம்மா"வை வாங்கிக்கறோம். விலை குடுக்காம வாங்கறதுக்கு என்ன பேரு? அவங்களை மேடையில உதாரணம் காட்டறதுக்கு முன்னால அந்த அம்பத்தஞ்சையும் சேர்த்துச் சொல்லுங்கய்யா.

இன்னொரு பதில் எப்பவும் வரும், "வாலிபர்களோட உற்சாகத்தைக் கெடுக்காதீங்க சிஸ்டர், இந்த ட்ரிப்புலதான் எத்தனையோ பிள்ளைங்க மனசு மாறி வர்றாங்க." மாறட்டும், சந்தோஷம். ஆனா நம்ம பிள்ளைங்க மனசு மாறறதுக்கு இன்னொருத்தர் பிள்ளை எதுக்கு பாடப் புத்தகமா இருக்கணும்? ஈசூன்ல ஒரு பாலர் பள்ளிக்குள்ள முன்பின் தெரியாத பதினாலு வெளிநாட்டுக்காரங்க நுழைஞ்சு, உங்க பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில வெச்சு, டிரெஸ் மாத்தி விட்டு, போட்டோ எடுத்து உலகத்துக்கே போட்டா சும்மா இருப்பீங்களா? போலீஸ் வந்துரும். ஏழைப் பிள்ளைன்னா மட்டும் எப்படி அது ஊழியம் ஆகுது.

உண்மையிலேயே யாரும் இல்லாத பிள்ளைங்களும் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. அதுங்களுக்கும் பெரியம்மா, சித்தி, அதுவும் இல்லைன்னா ஒரு வளர்ப்புக் குடும்பம் தேடலாம், தேடறதுக்குன்னே படிச்ச கெமர் சோஷியல் வொர்க்கர்ஸ் அங்கேயே இருக்காங்க, சம்பளம் குடுக்கத்தான் ஆள் இல்ல. கம்போடியா அரசாங்கமே 2016ல, 2018க்குள்ள இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல 30 சதவீதம் பேரைக் குடும்பத்தோட சேர்க்கறதுன்னு இலக்கு வெச்சாங்க. அந்தச் சமயத்துல நாங்க நாலு பேர், சபைப் பேர்ல இல்ல, சொந்தமா, டிக்கெட் காசை எடுத்து வெச்சு அங்க ஒரு சோஷியல் வொர்க்கர் சம்பளத்துல ஒரு பங்கு குடுக்க ஆரம்பிச்சோம். போட்டோ கிடையாது, டீ சர்ட் கிடையாது, மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு ஈமெயில் வரும், அதுல பாதி பைக் ரிப்பேர் கணக்குதான். சாட்சி சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்காது. உங்க கட்டுரையில வந்த பிள்ளைங்கள்ல யாராவது நர்ஸிங்கோ, பிசியோவோ, ஸ்பெஷல் நீட்ஸ் டீச்சிங்கோ படிச்சிருந்தா தயவுசெஞ்சு போங்க, ஆனா அங்க இருக்கற ஸ்டாஃபுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வாங்க, பிள்ளையைத் தூக்காதீங்க. பூச்சி மாத்திரையும் கொண்டு போகாதீங்க!

2018 கடைசியில நான் ப்ரே வெங் போனேன், தனியா, ரெண்டு நாள். அந்த விரல் பிடிக்கிற பொண்ணை அதுக்கு முந்தின வருஷமே வீட்டுல சேர்த்திருந்தாங்க. பாட்டி இருந்தாங்க, அம்மா ஃபேக்டரியை விட்டுட்டு ஊருக்கே வந்து தையல் மெஷின் போட்டிருந்தா, கால் வெச்ச வீடு, அடியில மெஷின், பக்கத்துல ரெண்டு கோழி. கடன் இன்னும் பாக்கிதான். இங்கிலீஷ் ஸ்கூல் போச்சேன்னு பாட்டிக்கு வருத்தம், அதை என்கிட்டயே ரெண்டு தடவை சொன்னாங்க, நான் என்ன சொல்ல. பொண்ணுக்கு பத்து வயசு, நல்லா உயர்ந்திருந்தா. நான் படியேறி வந்ததும் சட்டுனு அம்மாவுக்குப் பின்னால போயிட்டா. அம்மா இடுப்புப் பக்கத்துலேர்ந்து ஒரு கண்ணு மட்டும் தெரிஞ்சுது. என்னை ஞாபகம் இருக்கான்னு கேக்கச் சொன்னேன். இல்லைன்னு தலையை ஆட்டிட்டு இன்னும் கொஞ்சம் உள்ள ஒளிஞ்சுக்கிட்டா. நான் கொண்டு போன பிஸ்கட்டை அவ அம்மா கையில குடுத்துட்டு வேனுக்கு வந்துட்டேன்.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் நர்ஸ் ஒருத்தி,
ஈசூன், சிங்கப்பூர்.